பிரமிங்காம் இருதய ஆய்வு

ஐக்கிய அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் மாநிலத்துப் பிரமிங்காம் நகரில் 1948ஆம் ஆண்டு இருதயநோய் ஆய்வொன்று தொடங்கப்பெற்றது. நகரமாந்தர் 5,209 பேர் ஈராண்டுக்கொருமுறை பரிசோதிக்கப்பட்டனர். உயர் குருதியமுக்கம், கொலஸ்ரரோல், புகைத்தல் என்பவற்றுக்கும் இந்நோய்க்குமுள்ள தொடர்பு இதனாலே தெளிவாயிற்று.

இருபதாண்டு கடந்ததும் அரசாங்க நிதி அருகவே, ஆய்வு நின்றுவிடும் நிலை நேர்ந்தது. முன்னாள் தலைவர் தோமஸ் டோபர் தனியாரிடம் நிதி திரட்டினார். 1971இல் பொஸ்ரன் பல்கலைக்கழகம் அரசாங்கத்தோடு இணைந்து பொறுப்பேற்றது. அவ்வாண்டு முதல் பிள்ளைகளும், 2002 முதல் பேரப்பிள்ளைகளும் சேர்க்கப்பட்டனர். பின்னர் மரபணுத் தரவுகளும் இணைந்தன. பெயர் நீக்கிய அத்தரவுகளைப் பிற ஆய்வாளரும் அனுமதி பெற்றுப் பயன்படுத்தலாயினர். அன்று ஆய்வு நின்றிருப்பின் இவையாவும் கைகூடியிரா.

பனை நடுவோர் பின்வருவோர்க்கே நடுவர். நெடுங்கால ஆய்வும் அத்தகையதே.