கையில் ஊசி, கருப்பை வாயில் காவல்

நோயும் நாமும் – 17

சென்ற வாரம் குடலைப் பற்றிப் பேசினோம். குடலிலும் மூக்கிலும் காவலுக்கு நிற்பது பெரும்பாலும் ஐஜிஏ ஆன்டிபாடி. அது அங்கேயே சுரக்கிறது. பெண்ணின் பிறப்புறுப்புப் பாதை இந்த வழக்கத்துக்கு விலக்கு. கருப்பை வாய்ச் சளியில் ஐஜிஜி ஆன்டிபாடிதான் அதிகம். அதில் பெரும்பங்கு ரத்தத்திலிருந்து கசிந்து வருவது. அதனால்தான் கையில் போடும் ஊசியால் கருப்பை வாயைக் காக்க முடிகிறது.

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம், உடலுறவில் தொற்றும் ஹெச்.பி.வி. வைரஸ். இதில் 16, 18 ஆகிய இரு வகைகளால் மட்டுமே சுமார் 70 சதவீதப் புற்று வருகிறது. இந்த வைரஸ் ரத்தத்துக்குள் போவதில்லை. மேல்தோலிலேயே ஓசைப்படாமல் தங்கிவிடும். எனவே தொற்று வந்து போன பிறகும் பலருக்கு ஆன்டிபாடி போதிய அளவு உருவாவதில்லை. தடுப்பூசியில் இருப்பது வைரஸின் வெற்றுக்கூடு மட்டும். தசையில் இறங்கியதும் அது ரத்தத்தை ஐஜிஜியால் நிரப்பிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத சிராய்ப்பு வழியாகத்தான் வைரஸ் உள்ளே நுழையும். அதே சிராய்ப்பில் ரத்தநீர் கசியும்போது ஆன்டிபாடியும் வந்து வைரஸை மறித்துவிடும்.

எத்தனை ஊசி போட்டால் போதும்? இதற்கு விடை சொன்னதில் திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கைக்கும் பங்குண்டு. 2009இல் இரண்டு ஊசியா, மூன்று ஊசியா என்று ஒப்பிட இந்தியாவின் பல மையங்களில் ஆய்வு தொடங்கியது. அம்பிளிக்கை அவற்றில் ஒன்று. ஆந்திரம், குஜராத்தில் நடந்த வேறொரு தடுப்பூசித் திட்டம் சர்ச்சையானதால், 2010 ஏப்ரலில் அரசு இந்த ஆய்வின் ஊசிகளையும் நிறுத்தியது. சுமார் 5,000 சிறுமிகள் ஒரே ஊசியோடு நின்றுபோனார்கள். ஆய்வாளர்கள் அவர்களை விட்டுவிடாமல் பத்தாண்டு கவனித்தார்கள். ஒரு ஊசி போட்டவர்களுக்கு ரத்தத்தில் ஆன்டிபாடி குறைவுதான். ஆனாலும் 16, 18 வகைகளின் நீடித்த தொற்றிலிருந்து கிடைத்த பாதுகாப்பு 95 சதவீதம். மூன்று ஊசிக்கு நிகர். 2021இல் இந்த முடிவு வெளியானது. 2022இல் ஒற்றை ஊசியும் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் ஏற்றது.

ஆனால் ஏற்கெனவே செல்லுக்குள் புகுந்த வைரஸை ஆன்டிபாடியால் விரட்ட முடியாது. ஆகவே ஊசிக்கு உரிய காலம் 9 முதல் 14 வயது. அந்த வயதைத் தாண்டிய தாய்க்குத் துணை, பரிசோதனை. கருப்பை வாயில் வினிகர் அமிலம் தடவிப் பார்க்கும் எளிய சோதனை, புற்றுநோய் மரணத்தை 35 சதவீதம் குறைத்ததாக 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. அது நடந்ததும் திண்டுக்கல் மாவட்டத்தில்தான்.

திருவண்ணாமலை, செங்கம், போளூர் பக்கம் இதைப் படிக்கும் தாய்மார்களே, 30 வயதைக் கடந்திருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தச் சோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். மகளுக்கு ஊசி எங்கே, எப்போது கிடைக்கும் என்பதையும் அங்கேயே விசாரியுங்கள். கூச்சம் வேண்டாம்.

(அடுத்த வாரம்: ஆன்டிபாடியையே வெட்டிப்போடும் கொனோரியா கிருமி)