ஐம்பதைத் தாண்டிய ஆண்களுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை

"ராத்திரியில் நாலு தடவை எழுந்திருக்க வேண்டியிருக்கிறது. சிறுநீர் சொட்டுச் சொட்டாகத்தான் போகிறது. வயசாகிவிட்டது அல்லவா?"

இப்படிச் சொல்லிக்கொண்டே வருஷக்கணக்கில் காலம் தள்ளும் ஆண்கள் அல்சூரிலும் உண்டு, ஸ்ரீராமபுரத்திலும் உண்டு. மனைவியிடம் சொல்லக்கூட வெட்கம்! டாக்டரிடம் போனால் "உடம்பு அசதி, ஒரு டானிக் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். இங்குள்ள டாக்டர் கன்னடக்காரர், எப்படிச் சொல்வது என்று ஒரு சாக்கு வேறு. கன்னடத்திலும் அது மூத்திரம்தான்!

பயப்படுவதற்கு முன்பு ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தத் தொல்லைக்குப் பெரும்பாலும் காரணம் புற்றுநோய் அல்ல.

ஆண்களுக்கு மட்டும் உள்ள ஒரு சுரப்பி, புரோஸ்டேட். சிறுநீர்ப் பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி, ஒரு பெரிய நெல்லிக்காய் அளவில் இருக்கிறது. வயது ஏற ஏற இது வீங்குவது சகஜம். வீங்கினால் குழாயை நெருக்கும். பலருக்கு இது மாத்திரையிலேயே அடங்கிவிடுகிறது.

வலிக்காத நோய்

புற்றுநோயின் கதை வேறு. அது பெரும்பாலும் சுரப்பியின் வெளிப்பக்கத்தில் தோன்றுகிறது. ஆகவே ஆரம்பத்தில் குழாயை நெருக்குவதில்லை. வலிப்பதும் இல்லை. எலும்புக்குப் பரவிய பிறகு இடுப்பிலும் முதுகிலும் வலி எடுக்கிறது. மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவருக்கோ, நாள் முழுதும் மெஷின் முன்னால் நிற்கிறவருக்கோ முதுகு வலித்தால் என்ன நினைப்பார்? வேலை செய்த வலி என்று தைலம் தேய்ப்பார். மாதங்கள் ஓடிவிடும். நம் நாட்டில் இந்த நோய் பலருக்கு முற்றிய நிலையில் தெரியவருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

முற்றும் முன்பே கண்டுபிடிக்க வழி இல்லையா? உண்டு. கையில் ஊசி போட்டுக் கொஞ்சம் ரத்தம் எடுத்தால் போதும். அதுதான் பி.எஸ்.ஏ. பரிசோதனை.

பி.எஸ்.ஏ. என்பது புரோஸ்டேட் சுரப்பி உண்டாக்கும் ஒரு புரதம். விந்துவை நீர்க்கச் செய்வது இதன் வேலை. துளியளவு ரத்தத்திலும் கசிகிறது. சுரப்பியில் கோளாறு வந்தால் கசிவு கூடுகிறது. 1979-ல் அமெரிக்காவின் பபலோ நகரில் உள்ள ராஸ்வெல் பார்க் புற்றுநோய் நிலையத்தின் விஞ்ஞானிகள் இதைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். நோய் உள்ளவர்களைக் கண்காணிக்க 1986-ல் அமெரிக்க அரசு இந்தப் பரிசோதனையை அனுமதித்தது. நோயைக் கண்டுபிடிக்கவும் பயன்படுத்தலாம் என்று 1994-ல் சொன்னது.

ஒரு மில்லி லிட்டர் ரத்தத்தில் 4 நானோகிராம் வரை இருந்தால் பரவாயில்லை என்பது பழைய கணக்கு. கிராமில் நூறு கோடியில் ஒரு பங்குதான் நானோகிராம்!

எண் தீர்ப்பு அல்ல

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சாதாரண வீக்கத்திலும் இந்த எண் ஏறும். சிறுநீரில் கிருமி இருந்தால் ஏறும். சிறுநீர்க் குழாயில் டியூப் போட்டிருந்தாலும் ஏறும். 4-க்கும் 10-க்கும் இடையே உள்ளவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்குத்தான் புற்றுநோய் இருக்கும். மற்ற மூவரும் வீணாகத் தூக்கம் கெட்டவர்கள்.

குறைவாக இருந்தால் தப்பித்தோம் என்றும் சொல்ல முடியாது. 2004-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 4-க்கு மேல் போகாதவர்களிலும் 100-க்கு 15 பேருக்குத் தசை எடுத்துப் பார்த்தபோது புற்றுநோய் இருந்தது.

அப்படியானால் இந்தச் சோதனையால் உயிர் பிழைக்கிறார்களா? ஐரோப்பாவில் 8 நாடுகளில், 55 முதல் 69 வயது வரை உள்ள 1 லட்சத்து 60 ஆயிரம் ஆண்களுக்கு மேல் சேர்த்து இதை ஆராய்ந்தார்கள். 23 ஆண்டுக் கணக்கு 2025-ல் வெளியாயிற்று. சோதனைக்கு அழைக்கப்பட்டவர்களில் இந்த நோயால் சாவு 13 சதவீதம் குறைந்தது. 456 பேரை அழைத்தால் ஒரு சாவு தடுக்கப்படுகிறது. அந்த ஒருவருக்காகக் கூடுதலாக 12 பேருக்கு "உங்களுக்குப் புற்றுநோய்" என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த ஒருவருடைய வீட்டுக்கு இது பெரிய விஷயம். ஆனால் மற்றவர்களில் பலருக்கு வந்திருப்பது மெதுவாக வளரும் நோய். சும்மா விட்டிருந்தாலும் அவர்கள் ஆயுளைக் கெடுத்திருக்காது. அவர்களுக்கும் ஆபரேஷனோ கதிர் சிகிச்சையோ செய்தால் சிலருக்குச் சிறுநீர் அடக்க முடியாமல் போகிறது. தாம்பத்திய உறவு கெடுகிறது. புரோஸ்டேட்டுக்கே உரிய ஒரு பொருளை 1970-லேயே அறிவித்த ரிச்சர்டு ஆப்ளின் என்ற விஞ்ஞானியே, எல்லாருக்கும் இந்தச் சோதனை செய்வதைக் கடுமையாக எதிர்த்து எழுதினார்.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. எண் கூடினால் சில வாரம் கழித்து மறுபடி பார்க்கிறார்கள். பிறகு எம்.ஆர்.ஐ. ஸ்கேன். சந்தேகம் இருந்தால் மட்டும் ஊசியால் தசை எடுக்கிறார்கள். ஆபத்துக் குறைந்த நோய் என்றால் கத்தி வைக்காமல் கண்காணிக்கிறார்கள். ஆகவே ரிப்போர்ட்டைப் பார்த்ததும் ஊருக்குப் போன் போட்டு அழ வேண்டியதில்லை!

என்னைக் கேட்டால், 55 வயதைத் தாண்டியவர் டாக்டரிடம் இதைப் பற்றி ஒரு முறையாவது பேசிவிடுவது நல்லது. தகப்பனாருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்த நோய் வந்திருந்தால் 45-லேயே பேச வேண்டும். எழுபதுக்கு மேல் தொந்தரவு எதுவும் இல்லாதவருக்கு இந்தச் சோதனை பொதுவாகத் தேவைப்படாது. 'பேக்கேஜ்' பரிசோதனையில் சேர்ந்து வருகிறது என்பதற்காக மட்டும் யாரும் செய்துகொள்ள வேண்டாம்.

எங்கே போவது?

நம் நாட்டில் அரசாங்கம் வீடு தேடி வந்து சோதிப்பது வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்களுக்குத்தான். புரோஸ்டேட்டுக்கு அப்படி ஏற்பாடு இல்லை. நாமாகத்தான் போக வேண்டும். பெங்களூரில் ஓசூர் ரோட்டில் உள்ள கித்வாய் புற்றுநோய் ஆஸ்பத்திரி 1973-ல் தொடங்கப்பட்டது. இந்நகரின் புற்றுநோய்க் கணக்கை 1982 முதல் பதிந்து வருவதும் இதுவே. சிறுநீர்த் தொல்லைக்கு மட்டும் என்றால் விக்டோரியா ஆஸ்பத்திரி வளாகத்தில் சிறுநீரக, சிறுநீர்ப் பாதை நோய் நிலையம் தனியாக இருக்கிறது. இ.எஸ்.ஐ. கார்டு உள்ள தொழிலாளிகள் முதலில் தங்கள் டிஸ்பென்சரியில் சீட்டு வாங்கிக்கொண்டு போகலாம். கர்நாடகத்தில் பி.பி.எல். ரேஷன் கார்டு உள்ள குடும்பத்துக்கு ஆயுஷ்மான் பாரத் – ஆரோக்ய கர்நாடகத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும்.

இந்தச் சோதனைக்குப் பட்டினி கிடக்க வேண்டாம். இரண்டு நாள் முன்பிருந்து தாம்பத்திய உறவைத் தவிர்க்க வேண்டும். சிறுநீரில் கிருமி இருந்து குணமானவர்கள் ஆறு வாரம் பொறுத்துப் போக வேண்டும். வீக்கத்துக்கு ஃபினாஸ்டிரைடு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அது இந்த எண்ணை ஏறத்தாழப் பாதியாக்கிவிடும். பழைய ரிப்போர்ட் இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். இன்றைய எண் என்ன என்பதோடு, போன வருஷத்தைவிட எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதையும் டாக்டர் பார்ப்பார்.