ஊதலைப் பறிக்காதீர்!

சிம்மக்கல்லிலிருந்து நாலு எட்டு வைத்தால் வைகை. ஆறு என்று பெயர். ஆண்டிலே பல மாதம் வெறும் மணல்வெளி. தண்ணீர் ஓடாத நாட்களிலே அங்கே பிள்ளைகள் ஓடுகிறார்கள், பந்தின் பின்னாலே.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. பதினான்கு வயதுக்குட்பட்ட சிறுவர்களின் கால்பந்துப் பந்தயம். எங்கள் தெரு அணி ஒருபுறம், அக்கரை அணி மறுபுறம். நடுவராக நின்றவன் எங்கள் தெருப் பையன், வயது பதினேழு. ஆட்டம் முடிய இன்னும் ஐந்தே நிமிடம். எங்கள் அணியின் தடுப்பாட்டக்காரன், பந்தோடு பாய்ந்து வந்த அக்கரைச் சிறுவனின் காலைத் தட்டிவிட்டான். நடந்தது தண்டனை எல்லைக்குள்ளே! ஊதல் ஒலித்தது. பையனின் கை பெனால்டிப் புள்ளியைச் சுட்டியது.

"நம்ம தெருவிலே பிறந்துவிட்டு நமக்கே குழி பறிக்கிறானே!"

கோட்டுக்கு வெளியே கூச்சல். பெரியவர் ஒருவர் களத்துக்குள்ளே பாய்ந்தார். பையனின் கழுத்திலே கிடந்த ஊதலைக் கயிற்றோடு பறித்தார். பந்தயம் பாதியிலே கலைந்தது. பையன் யாரையும் ஏசவில்லை; எவரையும் எதிர்த்துப் பேசவில்லை. சட்டையிலே ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனான். மறு ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. நடுவர் இல்லை, ஆகவே ஆட்டமும் இல்லை.

அன்று கூச்சலிட்டவர்களிலே ஒருவன் யார் தெரியுமா, தோழர்களே? இதை எழுதுகிற நானேதான்! மேடை ஏறினால் நீதி என்றும் நேர்மை என்றும் ஒரு மணி நேரம் முழங்குகிறவன், மணல்திட்டிலே ஒரு பதினேழு வயதுப் பையன் நீதி வழங்கியபோது, "அடிங்கடா!" என்று கத்தினேன். தவறு நடந்த இடத்துக்கும் அவனுக்கும் இடையே ஐந்தடி. எனக்கும் அந்த இடத்துக்கும் இடையே நூறடி. ஆனாலும் அவனைவிட நன்றாகப் பார்த்தவன் நான் என்று நினைத்துக்கொண்டேன்! கண் பார்க்கவில்லை, தோழர்களே, தெருப்பாசம் பார்த்தது.

மதுரைக்காரனுக்கு நடுநிலையைப் பற்றி யார் பாடம் நடத்தவேண்டும்? சிலப்பதிகாரம் நடந்த ஊர் அல்லவா இது! விசாரிக்காமல் கோவலனைக் கொல்லச் சொன்னான் பாண்டியன் நெடுஞ்செழியன். கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கப் பரல் தெறித்தபோது தன் தவறு தெரிந்தது. தவறு என்று ஒப்பினான், உயிரையே விட்டான். மன்னனுக்குத் தீர்ப்பைத் திருத்த வழி இல்லை. போன உயிர் போனதுதான். ஆனால் கால்பந்து நடுவனுக்கு வழி இருக்கிறது. நின்ற ஆட்டம் மறுபடி தொடங்கும் முன்னே, தன் முடிவு தவறு என்று உணர்ந்தால், அவன் அதை மாற்றலாம். ஆட்டம் தொடங்கிவிட்டால் மாற்ற முடியாது. அரசனுக்குக் கிடைக்காத வாய்ப்பை ஆட்டவிதி ஒரு சிறுவனுக்குக் கொடுத்திருக்கிறது. அவனைச் சிந்திக்கவிடாமல் சூழ்ந்துகொண்டு கத்துகிறோமே, அந்த வாய்ப்பைப் பறிப்பவர்கள் நாம்தான்.

நடுவர் என்பவர் எப்படிக் களத்துக்குள் வந்தார்? அதுவே ஒரு பாடம். ஆதியிலே இங்கிலாந்தில் ஆளுக்கொரு அணி, அணிக்கொரு தீர்ப்பாளர். இவர் "குற்றம்" என்பார், அவர் "குற்றமே இல்லை" என்பார். இருவரும் முரண்பட்டால், களத்துக்கு வெளியே நிற்கும் மூன்றாமவரிடம் முறையிடவேண்டும். தன் கட்சிக்காரரே தீர்ப்பாளராக இருந்தால் நியாயம் நொண்டும் என்று பட்டுப் பட்டு உணர்ந்தார்கள். 1891இல் அந்த மூன்றாமவரைக் களத்தின் நடுவிலே கொண்டுவந்து நிறுத்தினார்கள். அணித் தீர்ப்பாளர்கள் கோட்டோரக் கொடிக்காரர்கள் ஆனார்கள். நடுவர் எவருடைய ஆளும் அல்லர், ஆட்டத்தின் ஆள். எங்கள் தெருப் பையனை "எங்கள் ஆள்" என்று நினைத்தோமே, 1891இல் முடிந்த வழக்கை மறுபடி தோண்டினோம்!

நடுவராக விரும்பும் தம்பிகள், தங்கைகள் எங்கே தொடங்குவது? மாவட்ட, மாநிலக் கால்பந்துச் சங்கங்கள் நடத்துகிற நடுவர் வகுப்புகளைக் கேட்டறியுங்கள். எழுத்துத் தேர்வு உண்டு. ஓட்டத் தேர்வும் உண்டு. ஆட்டத்தின் விதிகள் மொத்தம் 17. விதிப்புத்தகம் இன்று கைப்பேசியிலேயே காசில்லாமல் கிடைக்கிறது. வேலை முடிந்து வந்து நாளுக்கு ஒரு விதி படித்தால் பதினேழு நாள், அவ்வளவுதான்.

கருவிகளும் கொஞ்சம்தான். ஊதல் இரண்டு, ஒன்று அடைத்துக்கொண்டால் மற்றொன்று. கடிகாரம், குறிப்பேடு, பென்சில், பூவா தலையா போட ஒரு நாணயம், மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை. சிறுவர் பந்தயத்துக்கு மைதானத்தின் அளவையும், பந்தின் அளவையும், ஆட்ட நேரத்தையும் குறைத்துக்கொள்ள விதியிலேயே இடமுண்டு. ஆகவே அந்தந்தப் போட்டியின் ஏற்பாட்டை முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முதலிலே கோட்டோரம் கொடி பிடியுங்கள். பிறகு சின்னஞ்சிறுவர் ஆட்டம். பிறகு பெரிய ஆட்டம். பந்துக்கு அருகே ஓடுங்கள், ஆனால் பந்தின் வழியை மறிக்காதீர்கள். அருகிலே நின்று சொல்கிற தீர்ப்பை ஏற்க மனிதர்கள் தயங்கமாட்டார்கள். ஊதலை உதட்டுக்குக் கொண்டுபோகும் முன்னே ஒரு மூச்சு பொறுங்கள்: தவறிழைக்கப்பட்டவன் இன்னும் பந்தோடு முன்னேறுகிறானா? அப்படியானால் ஆட்டத்தை விடுங்கள். ஊதினால் உரக்க ஊதுங்கள்! தயங்கி ஊதுகிற ஊதல் தகராறை அழைக்கும்.

அட்டைகளுக்கும் ஒரு கதை உண்டு. 1966 உலகக் கோப்பையிலே இங்கிலாந்தும் அர்ஜென்டினாவும் மோதின. நடுவர் ஜெர்மானியர். அர்ஜென்டினாத் தலைவர் ராட்டினை "வெளியே போ" என்றார். இவர் மொழி அவருக்குப் புரியவில்லை, அவர் மொழி இவருக்குத் தெரியவில்லை, ஆட்டம் நின்றுபோனது. நடுவர்களுக்குப் பொறுப்பாளராக இருந்த கென் ஆஸ்டன் என்ற ஆங்கிலேயர், காரில் போகும்போது சாலை விளக்கைப் பார்த்தார். மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் நில்! அந்த எண்ணம்தான் 1970 மெக்சிகோ உலகக் கோப்பையிலே அட்டையாக நடுவரின் பைக்குள்ளே வந்தது. எந்த மொழிக்காரனுக்கும் ஒரே நிறம், ஒரே பொருள். பணக்காரப் பிள்ளைக்கு ஒன்று, பாட்டாளிப் பிள்ளைக்கு ஒன்று என்று இல்லை!

"எங்கோ வெள்ளைக்காரன் நாட்டுக் கதை, நமக்கென்ன?" என்பீர்களா? 2002இல் கொரியாவும் ஜப்பானும் நடத்திய உலகக் கோப்பையிலே உதவி நடுவராகக் கொடி பிடித்தவர் சங்கர்; தமிழ்நாட்டுக்காரர். இந்திய அணி இதுவரை ஆடாத அந்த மேடைக்கு, ஒரு தமிழன் நடுவராகப் போய்விட்டான்! நமக்கு அண்டையில் இருக்கிறது திண்டுக்கல். 1985 வரை மதுரை மாவட்டத்தோடு இருந்த ஊர். அந்த ஊர்ப் பெண் ரூபாதேவி இந்தியாவுக்காகப் பந்தாடினார். பிறகு ஊதலை ஏந்தினார். 2016இல் உலகக் கால்பந்துச் சங்கத்தின் நடுவர் பட்டியலிலே இடம் பிடித்தார். அந்தப் பட்டியலிலே சேர நடுவருக்கு வயது 25 நிறைய வேண்டும். உதவி நடுவருக்கு 23. பதினேழிலே ஆற்று மணலில் தொடங்கியவனுக்கு எட்டு ஆண்டு இருக்கிறது. அந்த எட்டு ஆண்டை ஒரே ஞாயிற்றுக்கிழமையிலே பறித்துவிட்டோமே!

இந்த நோய் நமக்கு மட்டும் அல்ல. கால்பந்து பிறந்த இங்கிலாந்திலேயே, வசையும் அடியும் பொறுக்கமாட்டாமல், 2023இல் உள்ளூர் நடுவர்கள் சிலரின் மார்பிலே படக்கருவியை மாட்டிச் சோதித்துப் பார்த்தார்கள். 2024இல் ஐரோப்பியக் கோப்பையிலே, அணித் தலைவர் ஒருவர்தான் நடுவரிடம் வந்து விளக்கம் கேட்கலாம் என்று கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். நமக்கோ படக்கருவி வேண்டாம், பண்பு போதும்.

பண்பு என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. கோட்டைத் தாண்டாதீர்கள். தீர்ப்பு கசந்தால், அணித் தலைவன் கேட்கட்டும், நீங்கள் கேட்காதீர்கள். ஆட்டம் முடிந்ததும், தோற்றாலும் வென்றாலும், நடுவனின் கையைக் குலுக்குங்கள். ஆலையிலே மேலாளர் ஒருதலையாகத் தீர்ப்புச் சொன்னால் கொதிக்கிறோம். கொதிக்கத்தான் வேண்டும்! ஆனால் நேர்மையாகச் சொன்ன சிறுவனின் கழுத்திலே கை வைத்துவிட்டு, நேர்மையான நீதி எங்கே கிடைக்கும் என்று எந்த முகத்தோடு கேட்பது?

கடந்த வாரம் அந்தப் பையனின் வீட்டுக்குப் போனேன். பறித்த பெரியவரையும் அழைத்துப் போனேன். ஊதலை அவரே கொடுத்தார். பேச்சு வரவில்லை அவருக்கு. எனக்கும்தான். பையன் கயிற்றின் முடிச்சைச் சரிபார்த்தான்.

"அண்ணே, அது பெனால்டிதாண்ணே" என்றான்.

"ஆமாம் தம்பி, பெனால்டிதான்" என்றேன்.

"ஞாயித்துக்கிழமை வர்றேன். ஆனா நீங்க ரெண்டு பேரும் கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் நிக்கணும்."

நிற்கிறோம், தம்பி. தோழர்களே, நீங்களும் வாருங்கள். எங்கள் பக்கத்திலே வந்து நில்லுங்கள். கோட்டுக்கு வெளியே!