எழுத்துருக்களின் கதை - 9: அதட்டாத பருமன்

போன வாரம் பார்த்த காஸ்லன், புத்தகப் பக்கங்களில் பேர் சொல்லாமல் உழைக்கும் எழுத்து. இந்த வார நாயகனைப் புத்தகத்துக்குள் விட்டால் ஒரு பத்திகூடத் தாங்காது. அதன் இடம் கடைவாசல், இசைத்தட்டு உறை, பனியன். பெயர் கூப்பர் பிளாக்.

ஆஸ்வால்ட் கூப்பர், சிகாகோவில் விளம்பரங்களுக்குக் கையால் எழுத்து வரைந்து பெயர் வாங்கியவர். அந்தக் கைவேலையைப் பார்த்து பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர் என்ற எழுத்து வார்ப்புச்சாலை அவரைத் தேடி வந்தது. 1922இல் கூப்பர் பிளாக் ஈயத்தில் வெளியானது. தூரப்பார்வை உள்ள அச்சகக்காரர்களின் கிட்டப்பார்வை வாடிக்கையாளர்களுக்கானது என்று கூப்பரே அதைக் கிண்டலடித்தார். சரக்கு நன்றாகப் போனது. 1925இல் போட்டி நிறுவனமான லான்ஸ்டன் மோனோடைப், தனக்கும் அதுபோல ஒன்று வேண்டுமென்று ‘கௌடி ஹெவிஃபேஸ்’ எழுத்தை வரைய வைத்தது. வரைந்தவர் ஃபிரெடெரிக் கௌடி. கூப்பருக்கு எழுத்து வரையக் கற்றுக்கொடுத்த வாத்தியார்!

தடித்த எழுத்து என்றாலே அதட்டும். கூப்பர் பிளாக் அதட்டாது, ஏனென்றால் அதில் கூர்முனை கிடையாது. கோடுகளின் நுனியில் வரும் செரிஃப் எல்லாம் மழுங்கி உருண்டிருக்கும். ‘ஓ’வின் உள்வெளி லேசாகப் பின்னால் சாய்ந்திருக்கும். சின்ன ‘ஐ’யின் புள்ளி முட்டை வடிவில் இருக்கும்.

இந்த உருட்டல் அழகுக்கு மட்டுமல்ல, தொழிலுக்கும் உதவியது. எழுத்துகளின் அடி தட்டையாக இருந்தால், ஒன்று இம்மி இறங்கினாலும் கண்ணை உறுத்தும். அடியே வளைந்திருந்தால் அது தெரியாது. எழுபதுகளில் டி-ஷர்ட்டில் எழுத்துகளை ஒவ்வொன்றாக வைத்து இஸ்திரிச் சூட்டில் ஒட்டியவர்களுக்கு இது பெரிய சலுகை.

ஈய அச்சில் ஒவ்வொரு எழுத்தும் தனிக் கட்டை. ஓர் அளவுக்கு மேல் நெருக்க முடியாது. படச்சுருளில் எழுத்துக் கோக்கும் முறை வந்ததும் அந்தத் தடை போனது. 1966இல் வந்த பீச் பாய்ஸ் குழுவின் ‘பெட் சவுண்ட்ஸ்’ உறையைப் பாருங்கள்: எழுத்துகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. பிபிசியின் ‘டாட்ஸ் ஆர்மி’ (1968-77) இரண்டாம் உலகப் போர்க் காலத்துக் கதை. ஆனாலும் தலைப்பைப் பார்த்ததுமே இது சிரிக்க வைக்கும் தொடர் என்று புரிந்துவிடும். 1995இல் தொடங்கிய ஈஸிஜெட் விமான நிறுவனம், ஆரஞ்சு நிறத்தோடு இதே எழுத்தை எடுத்துக்கொண்டது. மலிவு விலை டிக்கெட் விற்பவருக்கு மிடுக்கைவிட நெருக்கம்தானே முக்கியம்!

எல்லைகளும் உண்டு. அளவைக் குறைத்தால் எழுத்தின் உள்வெளிகளை மை அடைத்துவிடும். இரங்கல் செய்திக்கும் நீதிமன்ற அறிவிப்புக்கும் ஆகாது. இரண்டு மூன்று சொற்கள், பெரிய அளவு, நெருக்கமான கோப்பு: இவ்வளவுதான் அது கேட்பது. இதைத் தெரிந்துகொண்டு பயன்படுத்துகிறவருக்கு, சத்தம் போடாமலே கூட்டத்தைத் திரும்பிப் பார்க்க வைக்கும் எழுத்து கிடைத்துவிடுகிறது.

(அடுத்த வாரம்: 1957இல் வேறொரு பெயரில் பிறந்த ஹெல்வெட்டிகா)