ஓடைக்கரைச் சிரமதானம்: ஓராண்டுக் கணக்கு

சிரமதானம் என்பது எமது சங்கத்து அன்பர்களுக்குப் புதிய சொல்லன்று. ஊரில் கோயிற் கேணியையும் பள்ளிக்கூட வளவையும் கூடித் துப்புரவு செய்தவர்கள் நாம். சிட்னியின் வடமேற்குப் புறநகரில், என் வீட்டுக்குப் பின்னால் ஓடும் சிற்றோடையின் கரையிலும் மாதத்தில் ஒரு ஞாயிறு காலை மூன்று மணி நேரம் அத்தகைய பணி ஒன்று நடைபெறுகிறது. நகரசபையின் ஆதரவில் இயங்கும் இத்தகைய தொண்டர் குழுக்களை இங்கே ‘புஷ்கெயர்’ என்பார்கள். சென்ற ஆண்டில் எங்கள் குழு செய்தது என்ன என்பதை எம்மவரும் அறியவேண்டும் என்றே இதனை எழுதுகிறேன்.

முதலில், நான் அதிற் சேர்ந்த கதை. தோட்டத்தில் வெட்டிய கொடிகளையும் சுவாமி அறையில் வாடிய மாலைகளையும் பின்வேலிக்கு அப்பால் எறிவது என் வழக்கம். காட்டுக்கு உரந்தானே என்று எண்ணியிருந்தேன். ஒருநாள் குழுவின் தலைவி, ஓய்வுபெற்ற ஆசிரியை, கதவைத் தட்டி என்னை வேலிக்குப் பின்னால் அழைத்துச் சென்றார். நான் எறிந்த கொடி வேர்விட்டு ஒரு யூக்கலிப்டஸ் மரத்தின் உச்சிவரை ஏறியிருந்தது. வெட்கத்தினால்தான் அடுத்த ஞாயிறு போனேன்.

இங்குள்ள மண் மணற்கல்லிலிருந்து உண்டானது, சத்துக் குறைந்தது. இந்நாட்டுத் தாவரங்கள் அந்த வறுமைக்கே பழகியவை. வீதிகளிலிருந்து வழியும் மழைநீரும் நாம் கொட்டும் தோட்டக் கழிவும் சத்தைக் கூட்டிவிட, வந்தேறிக் களைகள் செழிக்கின்றன. அவற்றுள் முதன்மையானது லன்டானா. நாம் நாயுண்ணி என்றும் உண்ணிச்செடி என்றும் சொல்வது இதனையே. அமெரிக்காவின் வெப்பப் பகுதிகளிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட இச்செடி, இந்தியாவிலும் இலங்கையிலும் கூடக் காடுகளை மூடி வருகிறது.

சேர்ந்த புதிதில், பெரிய லன்டானாப் பற்றை ஒன்றை ஒரே காலையில் வெட்டிச் சாய்த்துவிட்டுப் பெருமையோடு வீடு திரும்பினேன். மூன்று மாதத்தில், வெயில் பட்ட வெறும் மண்ணிற் களை முன்னிலும் அடர்த்தியாக முளைத்தது. பற்றைக்குள் ஒதுங்கி வாழ்ந்த ‘ஃபெயரி ரென்’ என்னும் நீலக் குருவிகளையும் காணவில்லை. தலைவி கோபிக்கவில்லை. பிராட்லி சகோதரிகளைப் பற்றிச் சொன்னார்.

ஜோன் பிராட்லி, ஐலீன் பிராட்லி என்ற இரு சகோதரிகள் 1960களில் சிட்னி மொஸ்மன் பகுதியிலுள்ள அஷ்டன் பார்க்கில் தம் கையாற் களை பிடுங்கி ஒரு முறையை வகுத்தார்கள். காடு நன்றாக இருக்கும் இடத்தில் தொடங்கிக் கெட்ட இடத்தை நோக்கிச் செல்லவேண்டும். மண்ணைக் கூடியவரை கிளறக்கூடாது. இயற்கைத் தாவரம் மீண்டு வரும் வேகத்துக்கு மேல் களையை அகற்றக்கூடாது. இவை மூன்றுமே அவர்களது விதிகள். ஐலீன் 1976இலும் ஜோன் 1982இலும் காலமாயினர். இன்றும் அவுஸ்திரேலியத் தொண்டர் குழுக்கள் பலவற்றுக்கு அவர்களது முறையே வழிகாட்டி.

இனி எங்கள் ஆண்டுக் கணக்கு. கோடை வெயில் காரணமாகத் தை மாதம் தவிர்த்து 11 ஞாயிறுகள் வேலை செய்தோம். சிறு களைகளைக் கையாற் பிடுங்கினோம். லன்டானாவை அடியில் வெட்டி, வெட்டுவாயில் உடனேயே கிளைபோசேட் தடவினோம். தாமதித்தால் மருந்து வேருக்கு இறங்காது. திருத்திய இடம் ஒரு டென்னிஸ் மைதானத்தின் அளவுதான். ஒரு செடியும் நடவில்லை. ஆயினும் பன்னமும் புல்லினங்களும் தாமாகவே வந்தன. வாட்டில் கன்றுகளும் முளைத்தன. அவற்றின் விதை பல பத்தாண்டுகள் மண்ணுக்குள் உயிரோடு கிடக்கக்கூடியது. குருவிகளுக்கென விட்டுவைத்த பற்றையில் மீண்டும் அவற்றின் குரல் கேட்கிறது.

வைத்தியனாக எனக்கு இது விளங்கவேண்டிய விஷயம். புண்ணை நாம் ஆற்றுவதில்லை, உடம்பே ஆற்றிக்கொள்கிறது. அழுக்கை அகற்றிக் காவல் இருப்பதே எமது வேலை. அந்தக் காவலை இடையில் நிறுத்தினால், மண்ணிற் கிடக்கும் களைவிதை ஓரிரு ஆண்டுகளில் எல்லாவற்றையும் மூடிவிடும்.

கவலையும் அதுதான். குழுவில் இருந்த எண்மரில் இருவர் முதுமையால் இவ்வாண்டு விலகினர். மிஞ்சியோரில் 70 வயதுக்குக் குறைந்தவன் நான் ஒருவனே.

ஆகவே அன்பர்களிடம் இரண்டு வேண்டுகோள். தோட்டக் கழிவையும் பூசை மாலையையும் ஓடைக்கரையிற் போடாது, சபை தந்துள்ள பச்சைமூடித் தொட்டியில் இடுங்கள். மாலையின் நூலை முன்னதாகக் கழற்றிவிடுங்கள். மற்றது, உங்கள் பகுதி நகரசபையை விசாரித்து, ஒரு ஞாயிறேனும் பிள்ளைகளோடு அங்குள்ள குழுவுக்குப் போய் வாருங்கள். நீண்ட காற்சட்டையும் தொப்பியும் போதும். கையுறையும் கருவியும் அவர்கள் தருவார்கள், தேநீரும் உண்டு.