அணைக்க மறந்த இண்டிகேட்டர்

போளூரிலிருந்து ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூருக்கு ஏறும் சாலையில் விடுமுறை நாட்களில் பைக்குகள் வரிசைகட்டும். பீமன் நீர்வீழ்ச்சிக்கும் காவலூர் வானாய்வகத்துக்கும் போகிறவர்கள். கீழே எங்கோ திரும்பும்போது போட்ட இண்டிகேட்டர் ஒன்றிரண்டு வண்டிகளிலாவது மலை ஏறிய பிறகும் மினுக்கிக்கொண்டிருக்கும். எதிரே வருகிறவர் விரல்களை விரித்து மூடிக் காட்டுவார். "அண்ணே, இண்டிகேட்டர்!" என்று குரல் கொடுத்தபடி ஒருவர் முந்திப் போவார்.

கார்க்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஸ்டியரிங்கைத் திருப்பி நேராக்கும்போது அதன் தண்டில் உள்ள சிறு புடைப்பு, இண்டிகேட்டர் சுவிட்சைத் தட்டிப் பழைய இடத்துக்குத் தள்ளிவிடும். பைக்கில் இந்த வித்தை எடுபடாது. கொஞ்சம் வேகம் பிடித்துவிட்டால் பைக் திரும்புவது சாய்ந்துதான். ஹேண்டில்பார் நகர்வது கண்ணுக்கே தெரியாது. கொண்டை ஊசி வளைவில் மெதுவாகப் போகும்போது அது நன்றாகத் திரும்பும். ஆனால் அங்கே இருப்பது ஒரே பாதை, இண்டிகேட்டருக்கு வேலையே இல்லை!

1970களின் பிற்பாதியில் யமஹா இதற்கு ஒரு வழி கண்டது. எக்ஸ்.எஸ். 1100 போன்ற பைக்குகளில், இண்டிகேட்டர் போட்டதிலிருந்து சுமார் 10 விநாடியும் 150 மீட்டரும் கடந்தால் விளக்கு தானே அணையும். நேரத்தை மட்டும் கணக்கிட்டால் சிக்னலில் காத்து நிற்கும்போதே அணைந்துவிடும். தூரத்தை மட்டும் கணக்கிட்டால் வேகமாகப் போகும்போது சட்டென்று அணைந்துவிடும். அதனால்தான் இரண்டும். இன்றைய விலை உயர்ந்த பைக்குகள் சிலவற்றில் வண்டியின் சாய்வை அளக்கும் உணரிகளே இந்த வேலையைப் பார்க்கின்றன. இந்தியாவில் பஜாஜ் பல்சர் 2006 வாக்கிலேயே தானே அணையும் இண்டிகேட்டருடன் வந்தது. இருந்தாலும் நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான வண்டிகளில் இன்னும் கட்டைவிரலே கதி.

மறப்பவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பிளாஷரின் 'டக் டக்' சத்தம் ஹெல்மெட்டுக்குள் காற்றிரைச்சலில் கரைந்துவிடும். மீட்டரில் மின்னும் பச்சை அம்புக்குறி உச்சி வெயிலில் வெளிறிப்போகும். சில வண்டிகளில் 'பீப்' ஒலி உண்டு. எரிச்சலாக இருக்கிறதென்று அதன் ஒயரை மெக்கானிக்கிடம் சொல்லிக் கழற்றிப் போடுகிறவர்களும் உண்டு. இதைவிட மோசமான யோசனை வேறில்லை.

ஆபத்து எதிரில் இருப்பவரின் ஊகத்தில்தான். பலாப்பழ மூட்டையோடு கிராமத்து மண்பாதையிலிருந்து ஒரு மொபெட் வெளியே வருகிறது. இடது இண்டிகேட்டர் எரிய வரும் பைக், தான் நிற்கும் பாதைக்குள்தான் திரும்பப்போகிறது என்று நம்பி மொபெட்காரர் சாலைக்கு வந்துவிடுகிறார். பைக்கோ நேராக வருகிறது.

தற்போதைய பெரும்பாலான பைக்குகளில் சுவிட்சை நடுவில் அழுத்தினால் போதும், எந்தப் பக்க விளக்கும் அணையும். ஏற்கெனவே அணைந்திருந்தாலும் அழுத்துவதால் எதுவும் கெட்டுவிடாது. அதனால் ஒவ்வொரு திருப்பம் முடிந்ததும், விளக்கு எரிகிறதா என்று யோசிக்காமல், ஒருமுறை அழுத்திவிடுங்கள்.