சாவா மூவாப் பேராடு

கொடுத்தல் நன்று. கொடுத்தது தலைமுறை தலைமுறையாகப் பயன் தருமாறு கொடுத்தல் அதனினும் நன்று. இவ்வுண்மையை நம் முன்னோர் திருக்கோயிற் சுவர்களிலேயே கல்வெட்டாகப் பொறித்துச் சென்றுள்ளனர்.

கம்மாபுரத்து அன்பர்களும் சுற்றுவட்டாரத்து மெய்யடியார்களும் வழிபடும் விருத்தாசலம் அருள்மிகு விருத்தகிரீசுவரர் திருக்கோயில், அத்தகைய கொடைக்குச் சான்றாகும். கண்டராதித்த சோழரின் தேவியாரும் உத்தம சோழரின் அன்னையாருமாகிய செம்பியன் மாதேவியார், 10ஆம் நூற்றாண்டில் இதனைக் கற்றளியாக எழுப்பினார். செங்கல் தளி சிதையும், கற்றளி நிற்கும். கோனேரிராசபுரம் முதலிய தலங்களிலும் அம்மையார் இவ்வாறே திருப்பணி செய்தார்.

கல் நிலைக்கும். ஆனால், நெய் தீர்ந்தால் திருவிளக்கு அணைந்துவிடுமன்றோ? அதற்கும் சோழர் காலத்தார் வழி கண்டனர். நந்தா விளக்கு ஒன்றுக்கு அவர்கள் நெய்யைக் கொடுக்கவில்லை, ஆடுகளைக் கொடுத்தனர். தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டுகளின்படி, ஒரு விளக்குக்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள் அளிக்கப்பட்டன. அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். மூத்தவை மறையினும் குட்டிகள் அவற்றின் இடத்தை நிரப்பும். மந்தையின் எண்ணிக்கை குறையாது. ஆதலின் இவை ‘சாவா மூவாப் பேராடு’ எனப்பட்டன. விளக்கும் எரிந்தது, இடையர் குடியும் வாழ்ந்தது.

பொருளாகக் கொடுத்தவர்களும் இம்முறையையே பின்பற்றினர். இராசராச சோழர் காலத்தில் ஊர்ச் சபையார் கோயிற் காசைக் கடனாகப் பெற்று, காசு ஒன்றுக்கு ஆண்டுதோறும் அரைக்கால் காசு, அதாவது 12.5 விழுக்காடு, வட்டி செலுத்தினர். முதல் அப்படியே இருக்க, வட்டியால் அறம் நடந்தது.

எனினும், எத்துணை நன்கு அமைத்த அறமும் காப்பார் இன்றேல் நில்லாது. ஆட்டைப் பெற்றவர் நெய் அளக்காவிடினும், நிலத்தை உழுபவர் குத்தகை செலுத்தாவிடினும், ஆயிரம் ஆண்டுக் கொடை ஒரு தலைமுறையில் அழிந்துபடும். அதனாலன்றோ, இவ்வறத்தைக் காப்பவரின் திருவடி தம் தலைமேலது எனக் கொடையாளர்கள் கல்வெட்டின் இறுதியில் பணிந்து வேண்டினர்! இக்காலத்தில் 1959ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, ஆணையரின் ஒப்புதலின்றித் திருக்கோயில் நிலத்தை விற்பதும் அடகு வைப்பதும் செல்லாது என விதித்துக் காக்கின்றது.

2002ஆம் ஆண்டு தொடங்கிய அன்னதானத் திட்டத்திலும் பழைய நெறியைக் காணலாம். பல திருக்கோயில்களில் அன்பர்கள் வைப்புநிதி அளிக்க, அதன் வட்டியால் ஆண்டுதோறும் ஒரு நாள் அடியார் பசியாறுகின்றனர்.

அன்பர்களே! ஈயும்போது, ‘இது நாளையும் பயன் தருமா? இதனைப் பேணுபவர் வாழ வழி உண்டா?’ என எண்ணிப் பாருங்கள். பெருங்கொடை அளிக்க இயலாதோர் வருந்த வேண்டா. திருக்கோயில் நிலத்தின் குத்தகையையும் மனையின் வாடகையையும் தவறாது செலுத்துவோரும், என்றோ ஒருவர் ஏற்றிய விளக்கை அணையாது காத்த புண்ணியத்தைப் பெறுவர்.